கோத்தகிரியில் ஏது பாக்குத் தோப்பு?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை நான். 'நம்ம ஸ்கூலுக்குப் பின்னால் சிறுத்தை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றியது. மறுநாள் பாதி வகுப்பு காலி. வேறெங்கோ எடுத்த வீடியோ என்று அப்புறம்தான் தெரிந்தது. 'வாட்ஸ்அப்பை நம்பாதீங்க' என்றால் சிரிக்கிறார்கள். வகுப்பில் போன் அனுமதி இல்லை. எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பதில்: சிரிக்கத்தான் செய்வார்கள், டீச்சர். கருஞ்சிறுத்தையே வீட்டு வாசல் சிசிடிவியில் பதிவாகிற ஊர் உங்களுடையது. மொத்தமாக 'நம்பாதே' என்று பழக்கினால், நாளை வனத்துறை சொன்னாலும் காதில் ஏறாது.

நாளிதழ் டெஸ்க்கில் எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தவை நிஜப் படங்கள்தான். படம் அசல்; தேதி பழசு, ஊர் வேறு. நிருபரிடம் யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று கேட்போம். 'ஃபிரெண்டு அனுப்பினான் சார்' என்றால் படம் அச்சுக்குப் போகாது.

அதையே வகுப்பில் செய்யுங்கள். அந்த வீடியோவில் நாலு காட்சியைப் பிரிண்ட் எடுத்து, சிறுத்தையின் மேல் ஒரு துண்டுத்தாளை ஒட்டிவிடுங்கள். மிச்சத்தை மட்டும் பிள்ளைகள் பார்க்கட்டும். வண்டி நம்பர் நீலகிரியின் டிஎன் 43-ஆ? கடைப் பலகையில் என்ன எழுத்து? மரம் சில்வர் ஓக்கா, பாக்கா? பாக்கு என்றால், 'நம்ம குளிருக்கு ஏது மிஸ் பாக்குத் தோப்பு?' என்று எஸ்டேட் வீட்டுப் பிள்ளை ஒன்று எழுந்து கேட்கும். இந்த விஷயத்தில் சென்னை டெஸ்க் ஆட்களைவிட அவர்கள் கெட்டி.

அடுத்த வகுப்புக்கு ஊட்டிப் பனியை எடுங்கள். ஜனவரி வந்தால் போதும், 'ஊட்டியில் பனிப்பொழிவு' என்று இமயமலைப் படம் ஒன்று வந்துவிடும். தலைக்குந்தா புல்வெளியில் விடிகாலை வெள்ளையாகக் கிடப்பது உறைபனி. தரைக் குளிரில் புல்மேலேயே உறைவது, வானத்திலிருந்து கொட்டுவதில்லை. கேரட் தோட்டத்துக்குப் போகிற வீட்டில் இது எல்லாருக்கும் தெரியும். பிள்ளைகள் சிரித்து முடித்ததும், 'இப்படிப் போட்டதால் யாருக்கு லாபம்?' என்று கேளுங்கள். ரூம் வாடகைக்கு விடுபவர், வியூஸ் எண்ணும் சேனல்காரர், முதலில் அனுப்பினேன் என்று பெருமைப்படும் மாமா என்று பட்டியல் அவர்களிடமிருந்தே வரும். பொய்யைக் கண்டுபிடிப்பதைவிட இந்தக் கேள்விதான் எனக்கு முக்கியம். நிஜச் செய்தியிலும், விளம்பரத்திலும், நான் எழுதும் இந்தப் பக்கத்திலும்கூட இதைக் கேட்கலாம்.

வாட்ஸ்அப் மெசேஜின் மேலே வரும் இரட்டை அம்புக்குறியையும் சொல்லிவையுங்கள். குறைந்தது ஐந்து கை மாறி வந்த மெசேஜ் என்று அர்த்தம். பொய் என்று அர்த்தமில்லை.

ஹெச்.எம். 'சிலபஸில் இருக்கா?' என்று கேட்டால், கேரளாவின் கண்ணூர் மாவட்டத்தைச் சொல்லுங்கள். அங்கே 2018-லேயே அரசுப் பள்ளிகளில் பொய்ச் செய்தியைப் பற்றி வகுப்பு எடுத்தார்கள்.

கேள்வி: மழைக்காலத்தில் 'நாளை பள்ளி விடுமுறை' என்று எது வந்தாலும் என் மகன் நம்பிவிடுகிறான். என்ன செய்ய? (குன்னூரிலிருந்து ஓர் அப்பா)

பதில்: நம்பிக்கையைவிட ஆசைதான் அதிகமாக இருக்கும், சார். தேதியும் கிழமையும் ஒத்துப்போகிறதா என்று அவனையே காலண்டரில் பார்க்கச் சொல்லுங்கள். போன வருஷ மெசேஜ் பாதி அங்கேயே மாட்டிக்கொள்ளும். பிறகு எந்தத் தாலுகா என்று பார்க்கட்டும். ஜூலை மழைக்குக் கூடலூர், பந்தலூருக்கு மட்டும் லீவு விட்டு, குன்னூரில் மணி அடிக்கிற நாளும் உண்டு. கலெக்டர் அறிவிப்பு என்றால் மாவட்ட நிர்வாகத்தின் பக்கத்திலோ செய்தியிலோ இருக்கும். இரண்டிலும் இல்லையென்றால் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். ஆனால் நவம்பர் மழையில், மண்சரிவு எச்சரிக்கை என்று வந்தால் 'இதுவும் புரளி' என்று தள்ளாதீர்கள். 2009 நவம்பர் மண்சரிவைப் பார்த்தவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். மகனை ஒருநாள் அவர்களிடம் அனுப்புங்கள்.