லீவிட்டின் மூன்று பக்கம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வானியலில் திருப்புமுனையான பத்து ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட முடியுமா? நான் பி.காம் படித்தவன். மூலத்தையே படிக்க வேண்டுமா, விளக்க வீடியோ போதாதா? ஹென்ரியட்டா லீவிட் என்ற அமெரிக்க வானியலாளர் பற்றி ஒன்று பார்த்து மனம் கனத்துவிட்டது. காது கேளாதவர், மணிக்கு 30 சென்ட் கூலி. பாவம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பட்டியல் இணையத்தில் கொட்டிக்கிடக்கிறது. பி.காம் ஒரு தடையே இல்லை. ஆனால் லீவிட்டுக்காக மனம் கனத்தவர், அவர் எழுதியதை ஏன் தேடவில்லை? சில நாட்களாக அதே கட்டுரையோடுதான் இருக்கிறேன், அதனால் கோபம் கொஞ்சம் கூடுதலாகவே வருகிறது.

1912இல் ஹார்வர்ட் வானாய்வகம் வெளியிட்ட 173ஆம் சுற்றறிக்கை அது. மூன்றே பக்கம். கீழே இயக்குநர் பிக்கரிங்கின் பெயர். லீவிட் தயாரித்தது என்று முதல் வரி சொல்கிறது. வீடியோக்காரர்கள் இங்கேதான் வயலினை ஆரம்பிப்பார்கள். நீங்கள் அடுத்த வரிக்குப் போங்கள்.

பெருவின் அரெகிப்பாவில் எடுத்த கண்ணாடித் தகடுகள். நெகடிவ் என்பதால் வானம் வெளுப்பு, விண்மீன் கறுப்புப் புள்ளி. சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் 25 புள்ளிகள் பெருத்துச் சிறுக்கும், அதாவது அந்த விண்மீன்கள் பிரகாசித்து மங்கும், காலத்தைக் கணக்கிடுகிறார்: 1.25 நாள் முதல் 127 நாள் வரை. பிரகாசம் கூடினால் காலமும் நீள்கிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஒரு விண்மீன் மங்கலாகத் தெரிந்தால் அது நிஜமாகவே மங்கலா, இல்லை தூரத்தில் இருக்கிறதா? பார்த்துச் சொல்ல முடியாது. லீவிட் ஒரே வாக்கியத்தில் தாண்டுகிறார்: இவை அநேகமாக நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பவை, ஆகவே காலம் இவற்றின் உண்மையான ஒளியோடு சேர்ந்தது. ஏரியின் எதிர்க்கரை ஊரில் எரியும் விளக்குகள் மாதிரி. எது பெரிய பல்பு என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம். அப்புறம் இதே வகை விண்மீன் சிலவற்றின் தொலைவை யாராவது அளந்தால் போதும், மற்றவற்றுக்குக் காலம் உண்மையான ஒளியைச் சொல்லிவிடும், அது எவ்வளவு மங்கித் தெரிகிறது என்பது தூரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அப்படி அளப்பார்கள் என்ற நம்பிக்கையையும் அங்கேயே எழுதிவைத்திருக்கிறார். 1923இல் வானியலாளர் ஹப்பிள் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தில் அப்படி ஒரு விண்மீனைப் பிடித்தார். ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே என்று தெரிந்தது இந்தக் கணக்கால்தான்.

30 சென்ட் அநியாயம்தான். ஆனால் கூலி நினைவிருந்து அந்த வாக்கியம் தெரியாதென்றால், நீங்களும் அவரைக் குமாஸ்தாவாகத்தானே வைத்திருக்கிறீர்கள்?

அந்த 25ஐயும் நானே வரைபடத்தாளில் குறித்துப் பார்த்தேன். நாள்கணக்கில் போட்டால் வளைகிறது. காலத்துக்கு மடக்கை (log) எடுத்துப் போட்டால், ஸ்கேலை வைத்துக் கோடு இழுக்கலாம். கட்டுரையிலும் இரண்டு படமும் உண்டு. அவற்றைப் பார்க்காமல் நீங்களே போட்டுப் பாருங்கள். மடக்கை மறந்திருந்தால் எழுதுங்கள், சொல்லித்தருகிறேன்.