பெட்டியில் வெட்டிய பார்கோடும் வராத மூவாயிரமும்

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். நான் திருநகரில் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறேன். ஆடித் தள்ளுபடியில் பைபாஸ் ரோட்டில் உள்ள ஒரு பெரிய ஷோரூமில் டபுள் டோர் ஃபிரிட்ஜ் 34,990 ரூபாய்க்கு வாங்கினேன். 'மதுரையில் எங்கே இதைவிடக் குறைவாகக் கிடைத்தாலும் 15 நாளுக்குள் வந்து சொல்லுங்கள், வித்தியாசத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று பேப்பரோடு வந்த நோட்டீஸில் போட்டிருந்தது. நாலாம் நாள் என் தம்பி டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் அதே ஃபிரிட்ஜை 31,500 என்று எழுதி, சீல் போட்டு வாங்கி வந்தான். ஷோரூமில் காட்டினால் மாடல் நம்பரில் கடைசி எழுத்து வேறு என்கிறார்கள். அப்புறம், அந்தக் கடையின் ஒரிஜினல் பில் இருந்தால்தான் ஆகும் என்கிறார்கள்.

இது போக, கம்பெனி 3,000 ரூபாய் கேஷ்பேக் தரும் என்று கடை சீல் வைத்த ஃபாரம் ஒன்றும் கொடுத்தார்கள். பில் நகலையும் பெட்டியில் ஒட்டிய பார்கோடையும் 30 நாளுக்குள் தபாலில் அனுப்பச் சொன்னார்கள். என் மகன் பிளேடால் வெட்டி எடுத்தான், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பினோம். மூன்று மாதம் கழித்து, 'பார்கோடு இணைக்கப்படவில்லை, நிராகரிக்கப்பட்டது' என்று எஸ்.எம்.எஸ். வந்தது. கடையில் கேட்டால் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள், கம்பெனியில் கேட்டால் டீலரைக் கேளுங்கள் என்கிறார்கள். ஃபிரிட்ஜையே திருப்பித் தருகிறேன் என்றேன். பெட்டி ஓட்டையாக இருக்கிறது, எடுக்க முடியாது என்றுவிட்டார்கள். எனக்கு ஏதாவது வழி உண்டா? அந்த நோட்டீஸ் இப்போது ஷெல்பில் மாவு டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது. பெட்டி வேறு இடத்தை அடைக்கிறது, பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?

பதில்: அம்மா, முதலில் அந்த நோட்டீஸை டப்பாவுக்கு அடியிலிருந்து எடுங்கள். ஈரம் பட்டிருந்தால் உலர்த்தி, இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, ஒரிஜினலை ஒரு ஃபைலில் வையுங்கள். உங்கள் வழக்கின் பாதி அந்தத் தாளில் இருக்கிறது. ஆடி முடிந்ததும் கடை வாசலில் இருந்த பேனரைக் கழற்றியிருப்பார்கள், ஆனால் வீடு வீடாகப் போன நோட்டீஸை அவர்களால் திரும்ப வாங்க முடியாது.

பில்லையும் பாருங்கள். கல்லாவில் சட்டென்று கிழித்துத் தரும் வழவழப்பான தாளாக இருந்தால் எழுத்து நாள்பட மங்கிவிடும். மேலூரிலிருந்து ஒருவர் மிக்ஸி வழக்குக்காக என்னிடம் வந்தபோது, பர்ஸிலிருந்து பத்திரமாக எடுத்துக் கொடுத்த பில்லில் ஒரு எழுத்துகூட இல்லை. வெள்ளைத் தாள்தான் இருந்தது. அவர் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இன்றைக்கே நகல் எடுத்துவிடுங்கள்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். ஒரே பொருளை இரண்டு கடைகள் இரண்டு விலைக்கு விற்பது குற்றம் இல்லை. எம்.ஆர்.பி.யைத் தாண்டாதவரை யார் என்ன விலைக்கும் விற்கலாம். டவுன்ஹால் ரோட்டில் மலிவாக இருந்தது என்பதால் மட்டும் உங்களுக்கு உரிமை வந்துவிடாது. கடைக்காரர் வாக்குக் கொடுத்தார், அதை நம்பி நீங்கள் அங்கே போய் வாங்கினீர்கள், சொன்ன கெடுவுக்குள் போய்க் கேட்டீர்கள். உரிமை வருவது இதனால்தான். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-ன் 8ஆம் பிரிவு, ஒருவர் முன்வைத்த நிபந்தனையை மற்றவர் செய்து முடித்தாலே அது ஏற்பு என்கிறது. தனியாகக் கையெழுத்து எதுவும் தேவையில்லை.

'ஒரிஜினல் பில் வேண்டும்' என்று அவர்கள் சொல்வதைக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு வீட்டுக்கு இரண்டு ஃபிரிட்ஜ் வாங்கி, இரண்டாவது பில்லைக் கொண்டு வந்து முதல் கடையில் காட்டுபவர் யார்? அப்படி ஒரு நிபந்தனை இருந்தால் அந்த வாக்கால் யாருக்கும் ஒரு பைசா கிடைக்காது. நோட்டீஸில் அது அச்சாகி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், பணத்தை வாங்கிய பிறகு கவுண்டரில் நின்று புதிதாகச் சேர்க்க முடியாது. ஒரு நட்சத்திரக் குறி போட்டு, அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தால்? தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் குறித்து மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. விளம்பரத்தில் எந்த மொழியில் சொன்னீர்களோ, அதே மொழியில், அதே எழுத்தில் நிபந்தனையும் இருக்க வேண்டும். தமிழில் வாக்குக் கொடுத்துவிட்டு ஆங்கிலத்தில் அதைத் திருப்பி வாங்கிக்கொள்வது செல்லாது என்று வாதாட உங்களுக்கு நல்ல இடம் இருக்கிறது.

கடைசி எழுத்து வேறு என்பது கொஞ்சம் கனமான வாதம், அதைத் தள்ளிவிடக் கூடாது. நிறத்துக்கு ஓர் எழுத்து, ஆண்டுக்கு ஓர் எழுத்து, சில நேரம் கடைக்கு ஓர் எழுத்து என்று கம்பெனிகள் மாடல் நம்பரின் வாலை மாற்றுகின்றன. உள்ளே இருக்கும் பொருள் ஒன்றுதானா என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. அதற்கு ஓர் எளிய வழி சொல்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் நட்சத்திரங்களோடு மின்சிக்கன லேபிள் ஒட்டியிருக்கும். எத்தனை லிட்டர், ஆண்டுக்கு எத்தனை யூனிட் கரண்ட் என்பதெல்லாம் அதில் இருக்கும். உங்கள் வீட்டு லேபிளைப் படம் எடுங்கள். தம்பியை டவுன்ஹால் ரோட்டுக்கு அனுப்பி, அங்கே நிற்கும் ஃபிரிட்ஜின் லேபிளையும் எடுக்கச் சொல்லுங்கள். எண்கள் எல்லாம் ஒன்றாக இருந்தால், கடைசி எழுத்தைக் காட்டித் தப்பிப்பது அவர்களுக்குச் சிரமம். எண்கள் வேறாக இருந்தால் விலை வித்தியாசக் கோரிக்கையை விட்டுவிட்டு, கேஷ்பேக்குக்கு மட்டும் போராடுங்கள். பலவீனமான கோரிக்கை பக்கத்தில் இருந்தால் நல்ல கோரிக்கைக்கும் மதிப்புக் குறையும்.

கேஷ்பேக் விஷயத்தில் நீங்கள் உறுதியான இடத்தில் நிற்கிறீர்கள். இந்த முறை அமெரிக்காவில் வெகுகாலம் புழங்கியது. கடையில் முழு விலையைக் கொடுத்துவிட்டு, பெட்டியிலிருந்து பார்கோடை வெட்டி ஃபாரத்தோடு தபாலில் போட்டால் செக் வரும் என்பார்கள். பலர் அனுப்ப மறப்பார்கள், அனுப்பியவர்களில் சிலருக்கு இது இல்லை, அது இல்லை என்று பதில் வரும். காம்ப்யூஎஸ்ஏ என்ற கணினிக் கடைத்தொடர் மீது 2005-ல் அந்நாட்டு ஃபெடரல் டிரேட் கமிஷன் நடவடிக்கை எடுத்தது. ஒரு தயாரிப்பு நிறுவனம் ரிபேட் பணத்தை, அதாவது இந்தக் கேஷ்பேக்கை, ஒழுங்காகத் தரவில்லை என்று தெரிந்தும், அந்தக் கடை அதே ரிபேட்டைத் தொடர்ந்து விளம்பரம் செய்தது என்பது குற்றச்சாட்டு. வழக்கை விசாரிக்கும் நம் நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அது கட்டுப்படுத்தாது. ஆனாலும் 'அது கம்பெனி விஷயம்' என்று கடைக்காரர் கைகழுவுவது அங்கேயே எடுபடவில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன் 2(47) பிரிவு, தரும் எண்ணம் இல்லாமலே பரிசு, இலவசம் என்று அறிவிப்பதை நியாயமற்ற வணிக முறை என்கிறது. ஆனால் இன்னொருவர் மனதில் இருந்த எண்ணத்தை நிரூபிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. அதனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். சேவைக் குறைபாடு, பொய்யான வாக்குறுதி என்ற இரண்டையும் சேர்த்தே மனுவில் எழுதுங்கள். எதிர்தரப்பாக ஷோரூம், கம்பெனி இரண்டையும் சேருங்கள். ஒருவரை விட்டால் இருப்பவர் இல்லாதவர் மேல் பழியைப் போடுவார்.

பார்கோடு அனுப்பியதற்கு என்ன ஆதாரம் என்று கேட்பார்கள். மகன் வெட்டும்போது போனில் படம் எடுத்திருந்தால் அதை அழிக்க வேண்டாம். ஸ்பீட் போஸ்ட் ரசீது எண்ணைப் போட்டு, டெலிவரி ஆன விவரத்தை இன்றே பிரிண்ட் எடுங்கள், நாளானால் இணையத்தில் கிடைக்காமல் போகலாம். அந்த எஸ்.எம்.எஸ்.ஸையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். போனிலிருந்து எடுத்த எதையும் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ் இணைப்பது நல்லது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஃபிரிட்ஜ் உடம்பில் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர், பில்லில் இருக்கும் நம்பர், வாரண்டிக்குப் பதிவான நம்பர் மூன்றும் ஒன்றாக இருந்தால், நீங்கள் அந்தப் பொருளை வாங்கியது கம்பெனியின் சொந்தப் பதிவிலேயே இருக்கிறது. அப்புறம் பார்கோடு எதற்கு என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

ஃபிரிட்ஜைத் திருப்பித் தரும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். பழுதான பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதுதான் சட்டத்தில் தவறு. உங்கள் ஃபிரிட்ஜ் நன்றாகத்தானே ஓடுகிறது? ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். வெட்டு என்று சொன்னதும் அவர்கள்தான், வெட்டியதால் எடுக்க மாட்டோம் என்பதும் அவர்கள்தான். இதை மனுவில் ஒரு பத்தியாக எழுதுங்கள், இந்தத் திட்டம் எப்படிப்பட்டது என்று ஆணையத்துக்குப் புரியும்.

அவர்கள் தரப்பு வக்கீல் கட்டாயம் ஒரு ஆட்சேபம் கிளப்புவார்: 'இவர் மாவு விற்கிறார், வியாபாரத்துக்கு வாங்கியது, நுகர்வோரே இல்லை.' பயப்பட வேண்டாம். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியது வணிக நோக்கம் ஆகாது என்று நுகர்வோர் சட்டத்தின் 2(7) பிரிவின் விளக்கமே சொல்கிறது. நீங்களே அரைத்து நீங்களே விற்கிறீர்கள், அதுதான் உங்கள் ஜீவனம் என்று மனுவின் இரண்டாம் பத்தியிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள். மறைத்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்வதுதான் ஆபத்து.

செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல நேரம் கம்பெனி அங்கேயே இறங்கி வரும். கூடவே ஷோரூமுக்கும் கம்பெனிக்கும் தமிழிலேயே ஒரு கடிதம் எழுதி, ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். வாங்கிய நாள், நோட்டீஸில் இருந்த வாசகம் வார்த்தைக்கு வார்த்தை, போய்க் கேட்ட நாள், பேசியவர் சொன்ன பதில், வர வேண்டிய தொகை 3,490 + 3,000 = 6,490 ரூபாய், 15 நாள் கெடு. இவ்வளவு போதும். திட்டியோ மிரட்டியோ ஒரு வரியும் வேண்டாம்.

பதில் வராவிட்டால் மதுரை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கம்பெனியின் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. வர விரும்பாவிட்டால் இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் காலக்கெடு. ஷோரூம் மறுத்த தேதியையும் எஸ்.எம்.எஸ். வந்த தேதியையும் குறித்து வையுங்கள். எதிர்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், மிஞ்சிப்போனால் இன்னும் 15 நாள், அதற்கு மேல் தர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்திருக்கிறது. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் நடைமுறையில் கூடுதலாக ஆகும், அதற்கு மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

மன உளைச்சலுக்கு என்று சிலர் 5 லட்சம் கேட்கச் சொல்வார்கள், கேட்க வேண்டாம். 6,490 ரூபாயும், நியாயமான ஒரு நஷ்ட ஈடும், செலவுத் தொகையும் கேளுங்கள். ஆறாயிரத்துக்காக இவ்வளவு அலைவதா என்று வீட்டில் சொல்வார்கள். எத்தனை படி அரிசி ஊறவைத்து அரைத்து விற்றால் அந்த ஆறாயிரம் உங்கள் கையில் நிற்கும் என்பது எனக்குத் தெரியாதது இல்லை. கேளுங்கள் அம்மா, அது உங்கள் காசு.

உங்களைப் போல ஏமாந்தவர்கள் இன்னும் இருந்தால், அந்த விளம்பரத்தைப் பற்றி மாவட்ட ஆட்சியரிடமும் தனியாகப் புகார் கொடுக்கலாம், நுகர்வோர் சட்டத்தின் 17ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

பெட்டியைப் பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள். பார்கோடு வெட்டிய ஓட்டை தெரியும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, படம் எடுங்கள். ஓட்டை இருக்கும் அந்த ஒரு பக்கத்தை மட்டும் அட்டையாக அறுத்து நோட்டீஸ் இருக்கும் ஃபைலோடு வையுங்கள், மீதியைக் கொடுத்துவிடலாம்.