மனைவி கர்ப்பமாக இருக்கிறார். பாதரசப் பயமும் இல்லாமல், கடலையும் காலி செய்யாமல் எந்த மீனை வாங்குவது?

மீனை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். உங்கள் கேள்வியைப் படித்ததும் முதலில் தோன்றியது அதுதான். மனைவிக்கு ஐந்தாம் மாதம், டாக்டர் மீன் சாப்பிடச் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் பாதரசம் என்று ஒரு செய்தி சுற்றுகிறது, வீட்டில் வஞ்சிரம்தான் பிடிக்கும், பிரசவத்துக்கு அப்புறம் சுறா புட்டு கொடுக்க வேண்டும் என்று உங்கள் மாமியார் இப்போதே சொல்லிவைத்திருக்கிறார், இதற்கு நடுவே கடலில் மீனே குறைந்துபோச்சு என்ற கவலை வேறு. இவ்வளவையும் பார்த்துவிட்டு "எதுக்கு வம்பு" என்று மீனையே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். குழந்தையின் மூளைக்கும் கண்ணுக்கும் தேவையான ஒமேகா-3 கொழுப்பு மீனில் கிடைக்கிற அளவுக்கு வேறு எதிலும் சுலபமாகக் கிடைப்பதில்லை. கர்ப்பிணிகள் வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை, பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்துச் சாப்பிடலாம் என்பதுதான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனை. நம் வீட்டுக் கணக்கில் வாரம் இரண்டு மூன்று வேளை.

பாதரசம் மீனுக்குள் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். நிலக்கரி எரிப்பது, தங்கம் பிரிப்பது போன்ற வேலைகளில் வெளியேறும் பாதரசம் காற்றிலும் ஆற்றிலும் கலந்து கடலுக்குப் போகிறது. அங்கே சில நுண்ணுயிரிகள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அது பாசியில் ஏறி, பாசியைத் தின்னும் பூச்சியில் ஏறி, சின்ன மீன், அதைத் தின்னும் பெரிய மீன் என்று ஒவ்வொரு படியிலும் அடர்த்தி கூடிக்கொண்டே போகும். ஆகவே பெரிசாக வளர்ந்த, ரொம்ப வருடம் வாழ்ந்த, மற்ற மீன்களை வேட்டையாடித் தின்கிற மீனில்தான் அதிகம். அந்த நிர்வாகம் அளந்து வெளியிட்ட சராசரிப்படி, ஒரு கிலோ சுறாவில் சுமார் 0.98 மில்லிகிராம் இருக்கிறது. மத்தியில் 0.013 மில்லிகிராம். எழுபது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

இது தசையில் உள்ள புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. மஞ்சள் போட்டு எத்தனை முறை கழுவினாலும், தோலை உரித்தாலும், பொரித்தாலும் போகாது. கருவாடாக்கினால் தண்ணீர்தான் வற்றும், பாதரசம் அப்படியே இருக்கும். சுறா கருவாடு பரவாயில்லையா என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

சுறா புட்டு விஷயத்துக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் பெரிய பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று பால் சுறாவைப் புட்டு செய்து கொடுப்பது நம் ஊர் வழக்கம். கொடுப்பவர்கள் அன்பாகத்தான் கொடுக்கிறார்கள். பால் சுறா சின்ன வகைதான், பெரிய சுறாக்கள் அளவுக்கு அதில் பாதரசம் சேராது என்பதும் உண்மை. சிக்கல் சந்தையில் இருக்கிறது. பட்டினப்பாக்கத்தில் நான் வழக்கமாக வாங்கும் அக்காவிடம் ஒருநாள் சுறாத் துண்டு கிடந்தது. "இது எவ்ளோ பெரிய மீன்ல வெட்டினதுக்கா?" என்று கேட்டேன். "முழுசா இருந்தா ரெண்டு பேர் சேந்து தூக்கணும்மா" என்றார். அவர் மறைக்காமல் சொன்னார். ஆனால் அந்தத் துண்டை வேகவைத்து, சொரசொரப்பான தோலை உரித்து, உதிர்த்து, சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாயோடு வதக்கிவிட்டால் அது எந்தச் சுறா என்று யாருக்குத் தெரியும்? மெத்தில் பாதரசம் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகும், தாய்ப்பாலிலும் கொஞ்சம் போகும். பால் சுரப்பதற்குக் குழந்தை அடிக்கடி குடிப்பதும், அம்மா வயிறாரச் சாப்பிடுவதும்தான் முக்கியம். புட்டுதான் வேண்டும் என்றால் கொடுவாவில் செய்யுங்கள், நன்றாகவே உதிரும்.

கடலின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் சுறா வேண்டாம் என்றுதான் சொல்வேன். பால் சுறா ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து நாலைந்து குட்டி போடும். பெரிய வகைகள் பருவத்துக்கு வரவே பத்து வருடத்துக்கு மேல் ஆகலாம். 1970-க்குப் பிறகு உலகத்தின் பெருங்கடல்களில் வாழும் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர்க்காரர்கள் தலைமுறையாகத் தூண்டில் போட்டுச் சுறா பிடிப்பவர்கள், அவர்கள் திறமைக்கு ஈடு கிடையாது. அவர்களைக் குறை சொல்வதாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

மத்தி கதையே வேறு. கேரளத்தில் 2012-இல் நாலு லட்சம் டன் அளவுக்குப் பிடிபட்ட மத்தி, 2021-இல் 3,297 டன்னாகச் சரிந்தது. கடல் சூடு ஏறியது, எல் நினோ என்கிற பசிபிக் கடல் வெப்ப மாற்றம், குஞ்சு மத்தியைக்கூட விடாமல் அள்ளியது எல்லாம் சேர்ந்த விளைவு. ஆனால் மத்தி ஒரு வருடத்துக்குள் பருவத்துக்கு வந்து பல்லாயிரக்கணக்கில் முட்டையிடும். அதனால் அப்புறம் மறுபடியும் பெருகியது. சுறா கூட்டம் இப்படி ஒருமுறை விழுந்தால் சுலபத்தில் எழுந்திருக்காது. மத்தியாக இருந்தாலும் உள்ளங்கைக்குள் அடங்குகிற பொடிசை வாங்காதீர்கள். கேரளத்தில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கவே கூடாது என்று சட்டம் இருக்கிறது.

வஞ்சிரம்? அமெரிக்கக் கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய பட்டியலில் கிங் மேக்கரல் என்ற மீன் இருக்கிறது. அது நம் வஞ்சிரத்தின் நெருங்கிய சொந்தம், ஒரே பேரினம். அந்த எண்ணை அப்படியே நம் மீனுக்கு ஒட்டவைக்க முடியாது, ஆனால் இரண்டும் வாழ்கிற விதம் ஒன்றுதான், வேட்டையாடி வளர்கிற மீன்கள். குழந்தை பிறந்து பால் மறக்கும் வரை பெரிய வஞ்சிரத் துண்டுகளைத் தள்ளிவைப்பது நல்லது. சூரை வாரம் ஒரு வேளைக்கு மேல் வேண்டாம், ஆளுயரச் சூரையும் மயில் மீனும் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம்.

பாதரசமும் கடலும் ஒத்துப்போகாத இடமும் ஒன்று உண்டு, இறால். அதில் பாதரசம் மிகக் குறைவு. ஆனால் விசைப்படகின் இழுவலையில் இறாலோடு கூடக் குவியல் குவியலாகக் குஞ்சு மீன்கள் வரும். விற்க ஆகாத அதெல்லாம் காய்ந்து மீன் தூளாகி, கோழித் தீவனத்துக்குப் போய்விடும். எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருக்கிற காட்சி அது. நான் இறால் வாங்குவதைக் குறைத்துக்கொண்டேன். உங்களை நிறுத்தச் சொல்ல மாட்டேன்.

நெத்திலி, மத்தி, அயிலை, கிழங்கான் இவற்றை மாற்றி மாற்றி வாங்குங்கள். முடிந்தால் ஃபைபர் படகில் போய்ப் பிடித்து அன்றே கரைக்கு வந்ததாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அந்தச் சமயத்தில் ஐஸில் கிடந்த பெரிய மீனுக்கு அதிகக் காசு கொடுப்பதைவிடக் குளத்துக் கட்லாவோ ரோகுவோ வாங்கலாம். ஒமேகா-3 கடல் மீன் அளவுக்கு இருக்காது, பாதரசமும் பொதுவாகக் குறைவு.

இதுவரை வஞ்சிரம் சாப்பிட்டாச்சே என்று உங்கள் மனைவி பயப்பட வேண்டாம். உடம்பில் சேர்ந்த மெத்தில் பாதரசம் சுமார் 50 முதல் 70 நாளில் பாதியாகக் குறையும். வாரம் நாலைந்து நாள் பெரிய மீனாகவே சாப்பிட்டிருந்தால் மட்டும் அடுத்த முறை டாக்டரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.