விறகு புகைந்தால் நெருப்பைக் குறைசொல்லலாமா?

கேள்வி: இறைவனை நெருப்பு என்கிறோம். எனக்கோ சில மாதங்களாகச் செபத்தில் அமர்ந்தாலே வறட்சி. பழைய கோபமும் பொறாமையும்தான் மேலே வருகின்றன. எங்கே தவறு?

பதில்: ஸ்பெயின் நாட்டுக் கார்மேல் துறவி புனித சிலுவை அருளப்பர் (1542–1591) இதற்கு ஒரு விறகுக் கட்டையைக் காட்டுகிறார். ஈர விறகைத் தீயில் வைத்தால் உடனே பற்றாது. முதலில் உள்ளிருக்கும் நீர் வெளியேற வேண்டும். வெட்டுவாயில் நுரை கொப்பளித்துச் சீறுமே, அதுதான். பிறகு கட்டை கறுக்கும், விகாரமாகும், நாற்றம்கூட வீசும். ஈரம் வற்ற வற்ற மேல்புறம் சூடேறிப் பற்றிக்கொள்ளும். கடைசியில் கட்டையே தணலாகி, நெருப்பைப் போலவே சுடும், ஒளிரும்.

கறுக்க வைத்ததும் ஒளிர வைத்ததும் ஒரே நெருப்புதான் என்பதே அவர் சொல்ல வருவது. நாற்றம் கட்டைக்குள் இருந்தது, தீ அதை வெளியே தள்ளுகிறது. உங்கள் கோபமும் பொறாமையும் நேற்று முளைத்தவையாக இருக்காது. இடையில் சில நாள் நிம்மதி வந்து, மறுபடி வறட்சி திரும்பினாலும் பயப்பட வேண்டாம். மேல்பட்டை எரிந்தபின் தீ உள்வயிரத்துக்குப் போகிறது.

ஆனால் எல்லா வறட்சியையும் இந்தக் கணக்கில் எழுதிவிடக் கூடாது. அருளப்பர் மூன்று அடையாளங்கள் கேட்கிறார். செபத்தில் மட்டுமல்ல, உலக இன்பங்களிலும் சுவை இல்லாமல் போயிருக்க வேண்டும். ‘இறைவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே’ என்ற கவலை உள்ளே அரிக்க வேண்டும். முன்புபோல் கற்பனையாலும் சிந்தனையாலும் தியானிக்க முயன்றும் முடியாதிருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்திருப்பது முக்கியம். செபம் கசந்து பொழுதுபோக்கு மட்டும் இனித்தால் அது கவனச்சிதறல். கவலையே இல்லையென்றால் வெதுவெதுப்பு, அதாவது பக்தியில் அசட்டை. எதிலும் நாட்டமின்றி உறக்கமும் பசியும் கெட்டிருந்தால், ஆன்ம வழிகாட்டியோடு மருத்துவரையும் பாருங்கள்.

மூன்றும் இருந்தால், சிந்தனையைப் பிடித்து இழுக்காமல் இறைவன்மேல் அன்போடு கவனத்தை வைத்து அமைதியாக இருங்கள். பலர் இங்கேதான் கெடுக்கிறார்கள்: பழைய இனிமையைத் திரும்பக் கொண்டுவரப் புத்தகம் மாற்றுவார்கள், செபமுறை மாற்றுவார்கள். கட்டையை நொடிக்கொரு முறை புரட்டினால் எப்படிப் பற்றும்? நேரத்தையும் குறைக்காதீர்கள். வறட்சியில் ஒரு மணி நேர செபத்தை முழுதாக முடித்து, அதற்கு மேலும் சற்று இருக்கச் சொல்கிறார் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். அந்த நாட்களில் முன்பு எடுத்த தீர்மானங்களை மாற்றக் கூடாது என்பதும் அவர் விதி.

கேள்வி: செபிக்கும்போது நெஞ்சில் உண்மையாகவே சூடு தெரிகிறது. இது அந்த நெருப்பா?

பதில்: இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். 14-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் துறவி ரிச்சர்ட் ரோல், முதன்முறை அப்படித் தெரிந்தபோது உடல் காரணம் ஏதேனுமா என்று நெஞ்சைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாராம். அந்தச் சந்தேகம் நல்லது. சூட்டைத் தேடி மூச்சைப் பிடிப்பதும் உடலை இறுக்குவதும் வேண்டாம். வந்தால் வரட்டும், போனால் போகட்டும்.

கேள்வி: தணலானால் ‘நான்’ அழிந்துவிடுமா?

பதில்: விறகு உவமை இங்கே போதாது, அது சாம்பலாகிவிடும். 12-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் துறவி புனித பெர்னார்து பழுக்கக் காய்ச்சிய இரும்பைச் சொல்கிறார்: பார்வைக்கு நெருப்பேதான். ஆனால் மனித இயல்பு அழிவதில்லை, வேறு வடிவம் கொள்கிறது என்கிறார். மோசே கண்ட முட்செடியும் எரிந்தது, தீய்ந்துபோகவில்லை (விடுதலைப் பயணம் 3:2).