'ஒன் ஹெல்த்' படித்தால் வேலை உண்டா? ஒரு அம்மாவின் கேள்விக்குப் பதில்

உங்கள் மகள் 'ஒன் ஹெல்த்' படிக்க வேண்டும் என்கிறாள். மனிதர், விலங்கு, சுற்றுச்சூழல் மூன்றின் ஆரோக்கியத்தையும் சேர்த்துப் பார்க்கும் துறை அது. "டாக்டரும் இல்லை, கால்நடை டாக்டரும் இல்லை, அப்புறம் அது என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உங்கள் மகள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது.

1998-99இல் மலேசியாவில் பன்றிப் பண்ணைத் தொழிலாளர்களிடையே மூளைக்காய்ச்சல் பரவியது. கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து மருந்து அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கொசு யாரையும் கடிக்கும். இந்தக் காய்ச்சலோ பன்றிகளோடு புழங்கிய பெரியவர்களைத்தான் அதிகம் பிடித்தது. பண்ணைகளில் பன்றிகளும் இருமிக்கொண்டிருந்தன. கடைசியில் சுவா கா பிங் என்ற ஆய்வாளர் ஒரு புதிய வைரஸைப் பிரித்தெடுத்தார். அதுதான் நிபா. பண்ணையை ஒட்டி நின்ற பழ மரங்களைத் தேடி வௌவால்கள் வந்தன. அவற்றிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் அது தாவியிருந்தது. 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சுமார் 10 லட்சம் பன்றிகளைக் கொன்ற பிறகே அடங்கியது.

மருத்துவர், கால்நடை மருத்துவர், காட்டுயிர் ஆய்வாளர் மூவரையும் ஆரம்பத்திலேயே பேச வைக்க ஒரு ஆள் வேண்டும் இல்லையா? உங்கள் மகள் கேட்பது அந்த வேலையை.

சரி, படிப்புக்கு வருவோம். இளநிலையிலேயே 'ஒன் ஹெல்த்' என்று பெயர் போட்ட பட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். எல்லாவற்றிலும் கொஞ்சம் தெரிந்தவரை இந்தத் துறை தேடுவதில்லை. ஒன்றை ஆழமாகத் தெரிந்துகொண்டு, மற்றவர் சொல்வதும் புரிகிறவரைத்தான் தேடுகிறது. முதலில் கால்நடை மருத்துவம், மருத்துவம், நுண்ணுயிரியல், சுற்றுச்சூழல் அறிவியல் இவற்றில் ஒன்று. முதுநிலையில் நோய்ப்பரவலியல் அல்லது பொதுச் சுகாதாரம். என்னைக் கேட்டால் கால்நடை மருத்துவம்தான் நல்ல வாசல். இந்தப் பக்கம் வேலை அமையாவிட்டாலும் கையில் தொழில் இருக்கும்.

வேலை எங்கே? நோய்க் கண்காணிப்பு, ஆய்வகம், உணவுப் பாதுகாப்பு, வனத்துறை. ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பண்ணை, மருத்துவமனை, கழிவுநீர் என்று சுற்றி வருவதால் அதற்கும் ஆட்கள் தேவைப்படுகிறார்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு, ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம், உலகச் சுகாதார அமைப்பு, உலக விலங்கு சுகாதார அமைப்பு நான்கும் இதில் கைகோத்திருக்கின்றன. ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது: பல வேலைகள் திட்ட நிதியில் ஓடும் ஒப்பந்த வேலைகள். நிதி முடிந்தால் வேறு இடம் தேட வேண்டும்.

நாய்க்குட்டிப் பாசம் மட்டும் போதாது. சாணம், ரத்தம், செத்த பறவை எல்லாவற்றையும் கையாள வேண்டும். களத்துக்குப் போகுமுன் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். மீதி நேரமெல்லாம் கணினி முன்னால்தான், புள்ளியியலும் வரைபடமுமாக. நீங்கள் உயிரியல் மதிப்பெண் மட்டும் எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் எவ்வளவு என்று அடுத்த கடிதத்தில் சொல்லுங்கள்.