விசிறி சுற்றுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை: எங்கே கோளாறு?

அமெரிக்க வீட்டில் 15 ஆண்டுப் பழைய கூரை மின்விசிறி நன்றாகச் சுற்றினாலும், புது பல்பு போட்டும் அதன் விளக்கு எரியவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே பெரும்பாலும் மோட்டாருக்குக் கறுப்பு ஒயரும் விளக்குக்கு நீல ஒயரும் தனித்தனியே போவதால், விளக்குக்கென்று சுவரில் வேறு சுவிட்ச் இருந்து அது அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; சிரிப்பாகத் தோன்றினாலும் இது நடப்பதுதான்.

பிறகு பிரேக்கரை அணைத்து, டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, ஹோல்டருக்குள் பாருங்கள். பல்பை ஒவ்வொரு முறையும் இறுக்கித் திருகியதில் நடுவிலுள்ள உலோக நாக்கு அடியோடு படிந்து கிடக்கலாம். சிறு ஸ்க்ரூடிரைவரால் அதை 2 அல்லது 3 மில்லிமீட்டர் நிமிர்த்தினாலே விளக்கு எரிந்துவிடக்கூடும். ஹோல்டர் கருகியிருந்தாலோ ஒயரின் உறை நொறுங்கினாலோ, நிமிர்த்திப் பயனில்லை, மாற்றிவிடுங்கள்.

என் சந்தேகம் அதைவிட, விளக்கைப் போட்டு அணைக்க விசிறியில் தொங்கும் இழுப்புச் சங்கிலியின் சுவிட்ச் மீதுதான். பிரேக்கர் அணைந்தபடியே, அதன் இரண்டு ஒயர்களிலும் மல்டிமீட்டரை (மின் இணைப்பைச் சோதிக்கும் கருவி) வைத்துச் சங்கிலியை இழுத்தால், ஓர் இழுப்புக்கு இணைப்பும் மறு இழுப்புக்குத் துண்டிப்பும் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் இரண்டு ஒயருள்ள புது சுவிட்ச் போதும். 2009 முதல் தயாரான பல விளக்குத் தொகுதிகளில், 190 வாட்டுக்கு மேல் போகாமல் தடுக்கும் சிறு பெட்டி ஒன்றும் உண்டு. சுவிட்ச் சரியாக இருந்தால் அதையும் சோதியுங்கள்.