மலைப்பாதையில் 30 கிலோ சுமக்க எந்த ராணுவப் பை நல்லது? ஆலிஸா, மோலியா, பெர்கனா?

நீங்கள் கேட்டது: 25 முதல் 30 கிலோ வரை மலைப்பாதையில் தூக்கிப் போக வேண்டும், ராணுவ பாணி பெரிய ரக்சாக்குகளில் ஆலிஸ், மோலி, பிரிட்டிஷ் பெர்கன் மூன்றில் எதை வாங்கலாம் என்று.

எனக்குச் சுமைதான் பிழைப்பு. பென்னாகரத்தில் சோலார் விளக்கு, பேட்டரி சர்வீஸ் செய்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் வாக்குப்பதிவு இயந்திரங்களைக் கழுதை மேல் ஏற்றிப் போனார்களே, அந்தக் கோட்டூர் மலைக்கும் போய் வருவேன். பேட்டரி நிறைய என்றால் எனக்கும் கழுதைதான். ஒன்றிரண்டுக்கு என் முதுகு. பேட்டரி ஒன்று 14 கிலோ. இரண்டு பேட்டரி, டூல்ஸ் பை, தண்ணீர், சோறு எல்லாம் சேர்ந்தால் 32 கிலோ ஆகிவிடும்.

முதலில் நான் வாங்கியது ‘மிலிட்டரி பேக், 80 லிட்டர்’ என்று விற்ற ஒரு நகல் பை. பெரிய நகரத்துக் கடை, பார்க்க அவ்வளவு கம்பீரம். உள்ளே சட்டம், அதாவது பையை விறைப்பாக நிறுத்தும் ஃப்ரேம், கிடையாது, முதுகுப் பக்கம் ஒரு ஸ்பாஞ்ச் அட்டை மட்டும். இடுப்புக்கு வெறும் நாடா. பேட்டரி இரண்டும் அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பின்னால் இழுக்க, நான் முன்னால் வளைந்து வளைந்து ஏறினேன். மேலே போய் ஸ்க்ரூடிரைவரை எடுத்தால் வலது கை விரல்களில் பிடிப்பே இல்லை. சோற்றை இடது கையால் சாப்பிட்டேன். கை குணமாக நான்கு நாள் ஆயிற்று. தோள்பட்டை வார், கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றையை நசுக்கியிருக்கிறது என்றார் டாக்டர். இதற்கு ‘ரக்சாக் பால்சி’ என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது. எடை முழுக்கத் தோளில் தொங்கும்போது வருவது. சட்டமும் நல்ல இடுப்புப்பட்டையும் இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும்.

அதனால் லிட்டரைக் கடைசியில் பாருங்கள். சட்டத்தையும் இடுப்புப்பட்டையையும் முதலில் பாருங்கள்.

ஆலிஸ், அமெரிக்க ராணுவம் 1973ல் ஏற்றுக்கொண்ட வடிவம். பெரிய அளவு சுமார் 62 லிட்டர். அலுமினியக் குழாயை வளைத்து ரிவெட் அடித்த வெளிச்சட்டத்தில் பை மாட்டியிருக்கும். நடுத்தர அளவைச் சட்டம் இல்லாமலும் மாட்டலாம், பெரியதற்குச் சட்டம் கட்டாயம். இதில் எனக்கு உயிரான விஷயம், பையைக் கழற்றிவிட்டுச் சட்டத்தில் ஒரு தட்டைப் பொருத்தித் தண்ணீர் கேன், ரேடியோ மாதிரி கனமான பொருளை நேராகக் கட்டிக்கொள்ளலாம். என்னிடம் சட்டம் மட்டும் இருந்தது. கிரில் பட்டறையில் அலுமினியத் தகட்டில் ஒரு தட்டு அடித்து வாங்கினேன். பேட்டரியை அதில் உட்காரவைத்து, இரண்டு வாரை இறுக்கினால் அசையாது. முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று புகும், சித்திரை வெயிலில் அது பெரிய சுகம்.

குறை, அதன் இடுப்புப்பட்டை. மெல்லிசு. இடுப்பெலும்பில் உட்காராமல் அதற்கு மேலேயே நிற்கும். மோலியின் தடித்த இடுப்புப்பட்டையை ஆலிஸ் சட்டத்தில் மாட்டிக்கொள்வது பலருக்கும் பழக்கம். நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மோலி, ஆலிஸுக்கு அடுத்து அமெரிக்க ராணுவத்தில் 1990களின் கடைசியில் வந்தது. பக்கப் பைகளோடு 82 லிட்டர் வரும். சட்டம் பிளாஸ்டிக். முதலில் வந்த சட்டங்கள் உடைகின்றன என்ற புகார் நிறைய எழுந்து, பிறகு கெட்டிப்படுத்தினார்கள். பழைய சரக்கு வாங்கினால் சட்டத்தைத் திருப்பிப்பார்த்து, கீறல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். போர்வை, துணி, கூடாரம் மாதிரி இடம் அடைக்கும் சுமைக்கு மூன்றிலும் நான் இதைத்தான் சொல்வேன்.

பெர்கன் பிரம்மாண்டம். பக்கப் பைகளைச் சேர்த்தால் 100 லிட்டரைத் தாண்டும், துணி முரட்டு நைலான், சட்டம் உள்ளுக்குள். பக்கப் பைகளைக் கழற்றி இரண்டையும் சேர்த்துத் தனியாகச் சின்னப் பையாக மாட்டிக்கொள்ளலாம். ஆனால் நம் பக்கத்து ஒற்றையடிப் பாதையில் அந்த இரண்டு காதும் உண்ணிச்செடியில் மாட்டி மாட்டி இழுக்கும். இடம் இருக்கிறதே என்று கண்டதையும் திணிக்கவும் தோன்றும். நீளமுதுகு, குட்டைமுதுகு என்று இரண்டு வகை உண்டு. கழுத்தின் பின்னால் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பு மட்டம் வரை டேப் வைத்து அளந்த பிறகு வாங்குங்கள். என் உயரத்துக்கு நீளமுதுகு பின்புறத்தில் இடித்தது.

எங்கள் தெருவில் பட்டாளத்திலிருந்து வந்த மாமா ஒருவர் இருக்கிறார். பையை அவர் ‘பிட்டு’ என்றுதான் சொல்வார், வடக்கே இருந்த பழக்கம். கை மரத்துப்போன கதையைக் கேட்டுவிட்டு அவர் சொன்னது: “கனமானது முதுகோட ஒட்டி, மேல வரணும் மாப்ளே. அடியில துணிய வை. முதல்ல இடுப்பக் கட்டு, அப்புறம் தோள இழு.” அன்றிலிருந்து அப்படித்தான் கட்டுகிறேன்.

எடைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தின் 1990ஆம் ஆண்டுக் கையேடு, சண்டைக்குப் போகும்போது 48 பவுண்டு, அதாவது 22 கிலோவுக்குள், நடைப்பயணத்தில் 72 பவுண்டு, 33 கிலோவுக்குள் என்கிறது. உடல் எடையில் சுமார் 30, 45 சதவீதம். அது 72 கிலோ ஆளுக்கான கணக்கு. நான் 58 கிலோ. எனக்கு 45 சதவீதம் 26 கிலோதான் வரும். கணக்குப் போட்ட பிறகு ஒரு தடவைக்கு ஒரு பேட்டரி என்று மாற்றிக்கொண்டேன். நடை கூடுகிறது, முட்டி பிழைக்கிறது. நீங்களும் உங்கள் எடையைச் சொல்லாமல் 30 கிலோ என்கிறீர்கள், அதை ஒருமுறை யோசியுங்கள்.

நிறம் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். புள்ளி போட்ட ராணுவ நிறம் வேண்டாம். என் பழைய பையோடு முதல்முறை ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபோது, உள்ளே இருந்த பாட்டி பையைப் பார்த்ததும் கதவைப் பாதி சாத்திக்கொண்டார். வீரப்பனைத் தேடி அதிரடிப்படை இந்தக் காடுகளில் நடமாடிய வருடங்களைப் பார்த்தவர். “ஆயா, நான் லைட்டு ரிப்பேர் பண்ற பையன்” என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் தண்ணீர்ச் சொம்பு வந்தது. அந்தப் பையை அதோடு விட்டுவிட்டேன். இப்போது எல்லாம் சாதாரணக் கறுப்பு. 2022ல் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் அறிவித்த பிறகு தர்மபுரி, கிருஷ்ணகிரிக் காடுகளில் நிறைய இடம் அதற்குள் வருகிறது. வனத்துறை அனுமதி வாங்காமல் உள்ளே போகாதீர்கள்.

உங்கள் சுமை பேட்டரி, மோட்டார், கேன் மாதிரி சின்னதாய்க் கனமானது என்றால் ஆலிஸ் சட்டமும் மோலி இடுப்புப்பட்டையும். துணிமணி, கூடாரம் என்றால் மோலி. வாங்கும் முன் 25 கிலோ அரிசிச் சிப்பத்தைப் பைக்குள் வைத்து, மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறி இறங்குங்கள். இறங்கி நிற்கும்போது இரண்டு கட்டைவிரலையும் தோள் வாருக்கு அடியில் விட்டுப் பாருங்கள். விரல் தாராளமாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது என்று அர்த்தம், அந்தப் பையை வாங்கலாம்.